கன்னியம்மா பேசிய கேசட்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் நம்பமாட்டீர்கள், பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ, டேப் ரிப்பேர் பார்க்கிற கடை என்னுடையது. போன வருஷம் ஒரு வக்கீலம்மா பெட்டி நிறைய கேசட் கொண்டுவந்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் கல்குவாரிகளில் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்டவர்களை உட்காரவைத்து, அவர்கள் பட்டதையெல்லாம் அவரே பதிவு செய்தவை.

"எழுதப் படிக்கத் தெரியாத ஜனம் பாய். அவங்களுக்கு நடந்ததுக்கு இது ஒண்ணுதான் சாட்சி. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்க."

கன்னியம்மா என்று பெயர் எழுதிய கேசட்டில் நாடா முழுக்கப் பூஞ்சை. பொறுமையாகத் துடைத்திருந்தால் இரண்டு நாளில் ஓரளவு தேறியிருக்கும். எனக்குச் சலிப்பு. குப்பையில் போட்டேன், வண்டி வந்து அள்ளிப்போய்விட்டது. வக்கீலம்மாவிடம் அது தேறவில்லை என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் கடையில் தனியாக, ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேறொரு பெரியவரின் கேசட்டை ஓடவிட்டேன். தண்ணீர் கேட்டு அடிவாங்கியதைச் சொல்லி அவர் முடித்தார், கொஞ்சம் இரைச்சல், பிறகு ஒரு பெண்குரல், பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பதுபோல.

"நான் சொன்னதெல்லாம் எங்கப்பா வெச்சிருக்க?"

ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன், டேப் தன்பாட்டுக்கு ஓடி கம்ப்யூட்டரில் ஏறி முடிந்தது. நான் வாயே திறக்கவில்லை, கடையில் மைக்கும் கிடையாது, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் கழித்து பனமலைப் பக்கமிருந்து கன்னியம்மாவின் மகள் செல்வி வந்தாள். அம்மா இறந்து பல வருஷமாம்.

"குவாரில என் தங்கச்சி செத்தத அம்மா அதுலதான் சொல்லியிருக்குது பாய். வேற எங்கயும் அத யாரும் எழுதல. கொஞ்சமாச்சும் கேக்குதா?"

மனசு கேட்காமல் பெரியவர் பதிவின் கடைசியை ஹெட்போனில் அவளுக்குப் போட்டுவிட்டேன். "எங்கம்மாதான்" என்று அழுதாள். அப்புறம் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

"பதில் சொல்றது நீங்கதான பாய்?"

ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். "பூஞ்ச புடிச்சிருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேம்மா." என் குரல்தான். அன்றுவரை அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

செல்வி எழுந்து போய்விட்டாள். பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. என் குரலுக்குப் பிறகு அந்த அம்மா, கோபமே இல்லாமல், "சரிப்பா" என்கிறார். திட்டியிருந்தால்கூட நான் தூங்கியிருப்பேன்.