வழுக்காத பொன்னாடை

எங்கள் வீட்டுக்காரர் இரண்டு தடவை ஊராட்சித் தலைவராக இருந்தவர். பதவி போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஊரும் பழைய ஊராக இல்லை. துடியலூரோடு ஒட்டிக்கொண்டு, தோட்டமெல்லாம் வீட்டுச் சைட்டாகி, வீதிக்கு ஒரு நலச்சங்கம் வந்துவிட்டது. ஆனாலும் அவர் தலைவர்தான். பேக்கரி திறந்தாலும் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினாலும் மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. போகும்போது வெறும் கழுத்தோடு போவார், வரும்போது பொன்னாடையோடு வருவார்.

பொன்னாடை என்று பேர்தான் பெரிது. முகம் துடைத்தால் ஈரத்தை இழுக்காது. குளிருக்குப் போர்த்தினால் நழுவிக் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். சோற்றுப் பாத்திரம் இறக்கவும் உதவாது, சூடு பட்டால் சுருண்டுவிடும். இப்படி ஒன்றுக்கும் ஆகாத துணியை அவர் பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க அடுக்கி வைத்துச் சாவியை இடுப்பில் செருகியிருந்தார். எதை யார் போட்டார்கள் என்று மனப்பாடமாகச் சொல்லுவார். "இது மில்லு மேனேஜர் போட்டது. இது நம்மளத் தோக்கடிச்சவன் போட்டது, வேற வழியில்லாம போட்டான்." ஒரு தடவை அவர் இன்னொருவருக்குப் போட்ட பொன்னாடையே சுற்றிச் சுற்றி அவர் கழுத்துக்குத் திரும்பி வந்தது. ஓரத்தில் இருந்த காப்பிக் கறையை வைத்து நான்தான் கண்டுபிடித்தேன். அதையும் மடித்து உள்ளே வைத்தார்.

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். ஆனால் ஊசியைக் கொடுங்கள், பேசுகிறேன். நான் தைத்த போர்வை இல்லாத வீடு எங்கள் வீதியில் குறைவு. பழைய நூல் சேலைகளை நாலு அடுக்காகப் போட்டு, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போனால், மார்கழிக் குளிரில் அதற்குள் படுத்தவர்களை எழுப்ப ஆள் வைக்க வேண்டும். கட்டிக் கட்டி நைந்த சேலைதான் அதற்கு மெத்தென்று இருக்கும். பிள்ளை பிறந்த வீட்டுக்கும் ஆப்பரேசன் முடிந்து வந்தவர்களுக்கும் கொடுத்திருக்கிறேன். என் போர்வையை வேண்டாம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. இதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீதிக்குக் குப்பை எடுக்க ஓர் அம்மணி வருவார். என்னைவிடச் சில வயது இளையவர். விசில் ஊதிக்கொண்டு தள்ளுவண்டியோடு அவர் வந்தால்தான் எங்களுக்கு விடியும். அவருக்கு ஒரு பழக்கம், யார் வீட்டிலும் பழந்துணி வாங்க மாட்டார். காடு தோட்டமாக இருந்த காலத்தில் பழைய சேலையைக் கொடுத்துவிட்டுப் பெரிய தர்மம் செய்த மாதிரி நின்ற வீடுகளை அவர் பார்த்திருக்கிறார். அதில் எங்கள் வீடும் உண்டு, எதற்கு மறைப்பானேன். அவர் வேலைக்கு வந்த நாளில் இருந்து அதெல்லாம் செல்லாது.

புதிதாகக் குடிவந்த ஒரு பெண்ணுக்கு இது தெரியாது. இஸ்திரி போட்ட மாதிரி மடித்த ஒரு சேலையைக் கொண்டுவந்து, "நல்லாத்தான் இருக்கும், கட்டிக்குங்க" என்று நீட்டினாள்.

அம்மணி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இது காட்டனுங்களா, பாலியெஸ்டருங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"காட்டன்னா மக்கற குப்பைங்க, பச்சை டப்பா. பாலியெஸ்டருன்னா மக்காதுங்க, நீல டப்பா. பிரிச்சுத்தான் போடோணும், சூப்பரைசர் வைவாருங்க."

அந்தப் பெண் சேலையோடு உள்ளே போனவள், ஒரு வாரம் குப்பையைத் தன் வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பினாள்.

கொரோனா வந்து நாங்கள் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோதும் அந்த விசில் ஒருநாள் தவறியதில்லை. வீதி கொஞ்சம் தெளிந்ததும் அவருக்குப் பாராட்டு என்றார்கள். எங்கள் வீட்டுக்காரர்தான் தலைமை. ஆனால் யாருக்கும் கிட்டப் போகப் பயம். ஒரு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் பொன்னாடையை வைத்துவிட்டு, எங்கள் வீட்டுக்காரர் எட்ட வந்து நின்று, "நீங்களே எடுத்துப் போர்த்திக்குங்க அம்மணி" என்றார். அம்மணி எடுத்துப் போர்த்திக்கொண்டார். எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

பிறகொரு நாள், "அந்தப் பொன்னாடை என்னாச்சு அம்மணி?" என்று கேட்டேன்.

"ஆட்டுக்குட்டிக்குப் போர்த்துனனுங்க அக்கா. அதுகூட ஒதறிப்போட்டுப் போயிருச்சு."

இந்த வருசம் அவருக்கு முழங்கால் மோசமாகிவிட்டது. மகன் லேத் பட்டறையில் நல்ல வேலையில் இருக்கிறான், "போதும், நின்னுக்கம்மா" என்று சொல்லிவிட்டான். பொங்கல் கழிந்ததும் நின்றுகொள்வதாக அம்மணி சொன்னார். பொங்கல் விழாவில் பொன்னாடை போர்த்தி அனுப்பலாம் என்று சங்கத்தில் பேச்சு எடுத்தார்கள். மறுபடியும் ஆட்டுக்குட்டிக்கா என்று எனக்குத் தோன்றியது. "போர்வை நான் தைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. என் போர்வை என்பதே பழந்துணி. அதைக் கொண்டுபோய் விழாவில், அத்தனை பேர் முன்னால் நீட்டினால், அம்மணி பச்சை டப்பாவா நீல டப்பாவா என்று கேட்டுவிட்டால்? அவர் கேட்கக்கூடியவர். கேட்டால் தப்பும் சொல்ல முடியாது. என் பெருமை போவது ஒருபக்கம் இருக்கட்டும், இத்தனை வருசம் அவர் கட்டிக் காத்ததை நான் போய்க் கலைத்த மாதிரி ஆகிவிடும்.

உள்ளே வைக்கத் திருப்பூரில் இருந்து பனியன் வெட்டுத்துணி வரவழைத்தேன். யார் உடம்பிலும் படாதது, மெத்தென்றும் இருந்தது. அடியில் போடப் புதுக் காடாத் துணி. மேலே போடத்தான் ஒன்றும் அமையவில்லை. கடைத்துணி எடுக்கலாம் என்றாள் மருமகள். எடுக்கலாம்தான். அது போர்வையாகும், மரியாதை ஆகுமா? கடைசியில் பீரோவைப் பார்த்தேன். யாரும் கட்டாத துணி, போர்த்தி எடுத்த துணி, கீழ்த்தட்டு நிறைய.

"ஏனுங்க, பீரோச் சாவியக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு?"

"பொன்னாடை வேணுங்க."

"ஆருக்குப் போட?"

"போடறதுக்கில்லீங்க. வெட்டறதுக்கு."

பேப்பரைக் கீழே வைத்தார். "ஏம்புள்ள, நல்லாத்தான இருக்கற? அது துணியா? மரியாதை. மரியாதைய எவளாச்சும் கத்திரி வெச்சு வெட்டுவாளா?"

"பூச்சி வெட்டீட்டுத்தான இருக்குது. அதுக்கு மட்டும் உடறீங்க."

அதோடு பேச்சு நின்றது. ரசத்துக்கு மறுசோறு கேட்கவில்லை. மருமகள் பயந்துபோய் வந்து, "ஏனுங்கத்தை, மாமா காப்பியப் பாதி வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாருங்க" என்றாள்.

"வெக்கட்டும் கண்ணு. ஆறறதுக்கு முன்னால நீ குடி."

பெரிய மனுசர்களின் கோபம் கண்ணாடி டம்ளர் மாதிரி, ஓரமாக வைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்க வேண்டும். நான் பனியன் துண்டுகளைப் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார், தொண்டையைச் செருமினார். தலையைத் தூக்காமல் ஒன்று மட்டும் கேட்டேன்.

"அன்னைக்கு நாற்காலி மேல வெச்சீங்களே, அதுவுமா மரியாதைங்க?"

பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். மதியம் பார்த்தால் சாவி சமையல் மேடைமேல் இருந்தது, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்.

கொடுத்தாரே தவிர சும்மா கொடுத்துவிடவில்லை. பீரோ முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மகளைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து முகத்தைப் பார்த்துவிட்டு நீட்டினார். முதலில் வந்ததெல்லாம் எதிர்க்கட்சிக்காரர்கள் போட்டவை. "இவன் போட்டதக் கால் பக்கம் வெய்யி புள்ள. மெறிக்கற எடத்துல இருக்கட்டும்." காப்பிக் கறைக்காரர் அடுத்து வந்தார். மில் மேனேஜரைத் தரமாட்டேன் என்று வைத்திருந்துவிட்டு, சாயங்காலம் அவரையும் அனுப்பினார். ஒரு பச்சைப் பொன்னாடை மட்டும் கடைசிவரை மடியிலேயே இருந்தது. முதல் தடவை ஜெயித்தபோது பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்டது அது.

எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் துவைத்தேன். என்னால் மாடி ஏற முடியாது, மருமகள் வேலைக்குப் போய்விட்டாள். முன்னாள் தலைவர்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் காயப்போட்டார். எதிர்வீட்டுக்காரர், "என்னுங்க தலைவரே, கட்சி கட்சியாக் கொடி கட்டறீங்களா?" என்று கேட்டதற்குக் கீழே வந்து என்மேல் எரிந்து விழுந்தார்.

தைக்கிற பாடு கொஞ்சமில்லை. அந்தத் துணி கழுத்திலேயே நிற்காது, ஊசிக்கு நிற்குமா? இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் ஓடியது. சரிகை ஓரத்தை வெட்டி எறிந்து, கட்டம் கட்டமாக நறுக்கி, முதலில் பெரிய தையலாகப் போட்டு அடக்கிவிட்டு, பிறகு கோணி ஊசியால் மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடித்தேன். விரல் நுனியெல்லாம் சல்லடை. எல்லாம் முடிகிறபோது நடுவில் ஒரு கட்டத்துக்குத் துணி போதவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே பச்சையைக் கொண்டுவந்து போட்டார்.

"நடுவுல வெய்யி. நெஞ்சுக்கு நேரா வரோணும். கோணலா வெச்சயின்னா பிரிக்கச் சொல்லுவேன்."

"நீங்களே தைக்கறீங்களா?"

"கண்ணாடி எடுத்துட்டு வரட்டா?" என்றார். கண்ணாடி எடுக்கப் போனவர் திரும்பி வந்தது மறுநாள்தான்.

பொங்கல் விழா, விநாயகர் கோயிலுக்குப் பக்கத்துக் காலி சைட்டில். சாமியானா, மைக், பிளாஸ்டிக் நாற்காலிகள். அம்மணி அரக்குச் சேலையில் மேடைமேல் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மகன். சங்கத்துச் செயலாளர் பேசி ஓய்ந்ததும், எங்கள் வீட்டுக்காரர் போர்வையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எழுந்தார்.

"இருங்க தலைவரே" என்றார் அம்மணி.

போர்வையை வாங்கி மடியில் வைத்தார். விரித்தார். திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். ஓரத்தைக் கிள்ளி உள்ளே இருப்பதை நெருடிப் பார்த்தார். குப்பையிலேயே கை வைத்துப் பழகியவர், அவர் விரலுக்குத் தெரியாத துணி கிடையாது. முன்வரிசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனையோ பேருக்குக் கொடுத்த கை, மடியில் கிடந்து வேர்க்கிறது.

"ஏனுங்க அக்கா, இது ஆரு கட்டுனது?"

மைக் அணைக்கவில்லை, வீதிக்கே கேட்டது. நான் எழுந்து நின்றேன்.

"ஆரும் கட்டுனதில்ல அம்மணி. உள்ளாற புதுப் பனியன் துணி. அடியில காடா, அதும் புதுசு. மேல பூராவும் பொன்னாடை. எங்க ஊட்டுக்காரர் கழுத்துல, போட்டோ புடிக்கற வரைக்கும் கெடந்தது. அவ்வளவுதான்."

அம்மணி நிமிர்ந்து எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"தலைவரு கழுத்துல கெடந்ததுங்களா?"

"ஆமா" என்றேன்.

"தொவைச்சீங்களா?"

முதலில் சிரித்தது அம்மணியின் மகன்தான். அப்புறம் சாமியானா முழுக்கச் சிரித்தது. எங்கள் வீட்டுக்காரர் முகம் சிவந்தது, காது சிவந்தது. இறங்கி வந்துவிடுவாரோ என்று எனக்குத் திக்கென்று இருந்தது. அவர் மைக்குக்குக் கிட்டப் போய் நின்றார்.

"தொவைச்சாச்சுங்க அம்மணி. ஊட்டுல தொவைச்சாங்க. நாந்தானுங்க காயப்போட்டேன்."

"அப்பச் செரி" என்றார் அம்மணி. "போர்த்துங்க."

எட்ட நிற்கவில்லை. கிட்டப் போனார், இரண்டு தோளிலும் கை படப் போர்த்தி, முன்பக்கம் இழுத்துவிட்டு, பச்சைக் கட்டம் நெஞ்சுக்கு நேராக வருகிறதா என்று வேறு சரி பார்த்தார். நழுவவில்லை. சாயங்கால வெயில் சாமியானாவைச் சுட்டது, அம்மணிக்கு நெற்றியில் வேர்வை வடிந்தது. "எடுத்து வெச்சுக்குங்க" என்று செயலாளர் சொல்லிப் பார்த்தார். விழா முடிந்து வீடு போய்ச் சேருகிறவரை அவர் அதை எடுக்கவில்லை.

இப்போது வீதிக்கு வேறு ஒருத்தர் வருகிறார், விசில் கொஞ்சம் மட்டு. எங்கள் வீட்டுக்காரர் சாயங்கால நடையை அம்மணி வீடு இருக்கிற பக்கம் மாற்றிக்கொண்டார். கேட்டால் அந்தப் பக்கம் காற்று நன்றாக வருகிறதாம். போர்வை கொடியில் காய்கிற நாளில் அங்கேயே நின்று, போகிறவர் வருகிறவர்களுக்கு இது மேனேஜர், இது வாத்தியார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அம்மணி எத்தனை நாள் பொறுப்பார்?

"தலைவரே, வெளிய நின்னு என்ற போர்வைய ஏலம் உடாதீங்க. உள்ள வந்து டீ குடிச்சுப்போட்டு எதுனாலும் சொல்லுங்க" என்று கூப்பிட்டிருக்கிறார்.

இரண்டு தடவை தலைவராக இருந்து, ஓட்டுக் கேட்கிறபோதுகூட அந்த வாசல்படியோடு நின்று திரும்பியவர், அன்றைக்கு உள்ளே போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், வந்ததும் வராததுமாகச் சமையல்கட்டு நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"இஞ்சி தட்டிப் போட்டிருந்தாங்க புள்ள. நம்மூட்டுல ஏன் அப்படிப் போடறதில்ல?"

இஞ்சி இருந்த கூடையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"தட்டுங்க" என்றேன்.