அடித்து எழுதிய நோட்டு

என் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தலைக்கனம்தான் எங்கள் லேப்ராஸ்கோப்புக்கு வர வேண்டிய லைசென்ஸுக்கு உலை வைக்கப் பார்த்தது.

கான்வென்ட்டில் படித்தவள் நான். அங்கே எல்லாப் பாடத்துக்கும் ரஃப் நோட்டு ஒன்று, ஃபேர் நோட்டு ஒன்று. ரஃப் நோட்டில் என்ன கிறுக்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஃபேர் நோட்டில் ஓர் அடித்தல் இருந்தால் மதர் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். வீட்டில் அப்பாவும் அதே ரகம். நோட்டை அவர் ‘கயே’ என்றுதான் சொல்வார், பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பழக்கம். என்னுடைய கயேயை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். ஐம்பது வயது தாண்டியும் அந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை.

நான் வேலை பார்ப்பது ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில், ஆபரேஷன் கருவிகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில். நெல்லித்தோப்பிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். கத்தரி, இடுக்கி என்று செய்துகொண்டிருந்த முதலாளி திடீரென்று லேப்ராஸ்கோப் செய்வது என்று இறங்கினார். தொப்புளுக்குப் பக்கத்தில் சின்னத் துளை போட்டு, வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கிற குழல் அது. நடுவில் வரிசையாக லென்ஸ்கள். அவற்றைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகள், கட்டுக் கட்டாக. வெளியே இருக்கும் விளக்கின் வெளிச்சத்தை வயிற்றுக்குள் கொண்டுபோவது அந்த இழைகள்தான். நாங்கள் ஃபைபர் என்போம். குழலைச் செய்துவிட்டால் மட்டும் விற்க முடியாது. அரசாங்கத்தின் லைசென்ஸ் வேண்டும். அதற்கு முன் தணிக்கையாளர் ஒருவர் நேரில் வந்து, எப்படிச் செய்கிறோம், எப்படிச் சோதிக்கிறோம், சோதித்ததை ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். அந்தக் காகித வேலை முழுவதும் என் தலையில்.

ஃபைபரைச் சோதிப்பவள் அரியாங்குப்பத்திலிருந்து வருகிறவள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். முன்பு பஞ்சாலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள், ஆலையை மூடிய பிறகு எங்களிடம் வந்தாள். ஃபைபர் கட்டின் ஒரு முனையை விளக்கில் வைத்து, மறு முனையைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். நல்ல இழை வெள்ளையாக மின்னும். உடைந்த இழை கறுப்புப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளை எண்ணுவதுதான் அவள் வேலை. நான் ஒரு முறை உட்கார்ந்து பார்த்தேன், இருபது வரை எண்ணுவதற்குள் கண்ணைக் கட்டிவிட்டது. அவள் காலையிலிருந்து மாலைவரை எண்ணுவாள். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததே இல்லை.

ஆகாத கட்டைத் தூக்கிப் போட மாட்டாள். அதன் கழுத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, தேதி எழுதிய சீட்டை அதில் கோத்து, ஒரு பெட்டியில் வைத்துவிடுவாள். ஏன் இந்த வேலை என்று கேட்டேன்.

“மில்லுல அப்படித்தான்க்கா. நூல் சுத்துற கோனு ஒவ்வொண்ணுக்குள்ளயும் சுத்துனவ நம்பர் போட்ட சீட்டு இருக்கும். நூலு எங்க அறுந்தாலும் யாரு கைன்னு தெரிஞ்சிடும். அந்தப் பயம் இருந்தாதான் வேல சுத்தமா வரும்.”

தணிக்கைக்குத் தேதி குறித்தார்கள். முதலாளி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, “லைசென்ஸ் வரலேன்னா இந்த ரூம மூடிட்டு பழையபடி கத்தரிக்கே போயிடுவேன், எனக்கு வேற வழியில்ல” என்று சொல்லிவிட்டார். அந்த அறையில் ஏழு பெண்கள். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஃபைபர் எண்ணுகிறவள் மதியம் சாப்பிடும்போதுதான் சொன்னாள்.

“மில்ல மூடன அன்னிக்கு டிபன் பாக்ஸோட ரோட்டுல நின்னேன்க்கா. இன்னொரு வாட்டி என்னால முடியாது.”

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே பதற்றம். காகிதத்தில் ஒரு குறை இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு ஃபைலாக எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவளுடைய சோதனை நோட்டு கைக்கு வந்தது. பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. ஏழு மாத நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் அடித்தல். நீலப் பேனா, கறுப்புப் பேனா, ஓரிடத்தில் பச்சை. அட்டையில் டீ கிளாஸ் வைத்த வட்டம். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“இத இன்னா மாட்டுக்கொட்டாயில வெச்சி எழுதுனியா? ஆடிட்டர் கையில இதக் குடுத்தா காறித் துப்புவாரு” என்று ஏழு பேர் நடுவில் கேட்டுவிட்டேன். அவள் முகம் சுண்டிப் போயிற்று. பூதக்கண்ணாடிக்குத் திரும்பிவிட்டாள்.

அந்த ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். ஒரு புது நோட்டை எடுத்துக் கோடு போட்டு, அவளுடைய ஏழு மாதத்தையும் ஒரே பேனாவில் முத்து முத்தாகப் பெயர்த்து எழுதினேன். ஓர் அடித்தல் கிடையாது. எழுதி முடித்து, அதை நானே கொஞ்ச நேரம் ரசித்துக்கொண்டிருந்தேன். என்னை என்ன சொல்ல.

திங்கட்கிழமை இரண்டு நோட்டையும் அவளிடம் கொடுத்து, “இதுல பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடு. அந்தப் பழச பேப்பர்காரன்கிட்ட போட்டுடு” என்றேன். அவள் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

“அழகா இருக்குக்கா. ஆனா இத நான் எழுதலியே.”

“எழுதிக் குடுத்தா கையெழுத்துப் போட வலிக்குதா உனக்கு?”

“வலிக்கலக்கா. நான் எழுதலியே” என்று அதையேதான் திரும்பச் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் என் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போய், அவள் கையெழுத்து வர வேண்டிய இடத்தில் எல்லாம் என் கையெழுத்தைப் போட்டேன்.

தணிக்கையாளர் அதிகம் பேசாத மனிதர். காலை முழுவதும் ஒவ்வோர் அறையாகப் பார்த்தார், தலையாட்டினார். ஃபைபர் அறைக்கு வந்து என் நோட்டைத் திறந்ததும் தலையாட்டுவது நின்றுபோயிற்று. பத்துப் பக்கம் புரட்டினார். விரலால் ஒரு வரியைத் தடவிப் பார்த்தார்.

“ஏழு மாசமும் நீங்கதான் டெஸ்ட் பண்ணீங்களா?”

நான் முதலாளியைப் பார்த்தேன்.

“ஒரே பேனா. ஒரு தப்பு இல்ல. டெஸ்ட் நடக்கறப்ப எழுதினது இப்படி இருக்காதும்மா. இத நான் ஏத்துக்க முடியாது.” நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அப்போது அவள் எழுந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஆகாத கட்டுகள் இருந்த பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். அடியில் கையை விட்டு, டீ வட்டம் போட்ட பழைய நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“நான்தான் சார் டெஸ்ட் பண்ணது. இது என் நோட்டு. அக்கா தூக்கிப் போடச் சொன்னாங்க, எனக்கு மனசு வரல.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நோட்டில் ஏதோ ஓர் அடித்தலைக் காட்டி, இது எந்தக் கட்டு என்று கேட்டார். அவள் சீட்டைப் பார்த்து, சிவப்பு நூலைப் பிடித்து அந்தக் கட்டைத் தூக்கிக் கொடுத்தாள். இன்னொன்றைக் கேட்டார். அதையும் கொடுத்தாள். பச்சைப் பேனா ஏன் என்றார். “அன்னிக்கு எம் பேனா எழுதல சார், ஸ்டோர்ல வாங்கி எழுதனேன்” என்றாள். அவர் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். நான் மாட்டுக்கொட்டாய் என்ற நோட்டை அந்த மனிதர் வரி வரியாக, மரியாதையோடு படித்தார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது.

கடைசியில் அவர் சொன்னது இதுதான். பழைய நோட்டுதான் பதிவு. என் நோட்டைக் கிழிக்கவும் கூடாது, மறைக்கவும் கூடாது. ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ஒரு கோடு போட்டு, ‘நகல், பதிவு அல்ல’ என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு ஃபைலில் வைக்க வேண்டும். சொல்லிவிட்டு முதலாளியின் அறைக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

நானும் அவளும் இரண்டு நோட்டையும் பக்கம் பக்கமாக ஒத்துப் பார்த்தபடி உட்கார்ந்தோம். அவள் ஸ்கேலைப் பிடிக்க, நான் என் முத்து முத்தான எழுத்தின்மேல் கோடு போட்டேன். நாலாவது மாதத்தில் கை நின்றுவிட்டது. அவள் நோட்டில் ஒரு கட்டுக்கு முதலில் ‘சரி’ என்று எழுதி, மறுநாள் காலை அதை அடித்து ‘ஆகாது’ என்று போட்டிருந்தாள். நான் அடித்தலை விட்டுவிட்டு ‘சரி’ என்று பெயர்த்திருந்தேன்.

“இத ஏன் அடிச்ச?”

“சாயங்காலம் பாத்து சரின்னு போட்டேன்க்கா. வூட்டுக்குப் போயும் மனசு ஒப்பல. காலையில வந்து திரும்ப எண்ணனேன். கறுப்பு எல்லாம் ஒரே பக்கமா இருந்திச்சி. அந்தப் பக்கம் இருட்டா இருந்தா, ரத்தம் எங்கேந்து வருதுன்னு டாக்டர் எப்படிப் பாப்பாரு?”

என் நோட்டை நம்பியிருந்தால் அந்தக் கட்டு ஒரு குழலுக்குள் போயிருக்கும். குழல் யாரோ ஒருவர் வயிற்றுக்குள் போயிருக்கும். தணிக்கையாளர் இதைக் கவனிக்கவில்லை. நான் சொல்லாமல் விட்டால் கோட்டோடு கோடாகப் போயிருக்கும், ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

“இதச் சொன்னா லைசென்ஸ் போயிடுமாக்கா?” என்று அவள் கேட்டாள்.

“போனாலும் போயிடும்.”

 அவள் பெட்டியிலிருந்து அந்தக் கட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

“இதையும் எடுத்துக்கிட்டுப் போக்கா. கேட்டா காட்டணும்.”

கோயிலில் சாமியாரிடம் பாவம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட நான் அவ்வளவு மெதுவாக நடந்துபோனதில்லை. முதலாளியின் அறைக்குப் போய், இரண்டு நோட்டையும் திறந்து வைத்து, நான் செய்ததை நானே சொன்னேன். தணிக்கையாளர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். கட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எழுதித் தாங்க” என்றார், அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் தப்பு வந்தது. கிழித்துப் போடாமல், அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு வாரக் கணக்கில் ஒரு தகவலும் இல்லை. முதலாளி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் மட்டும் வழக்கம்போல வந்தாள், எண்ணினாள், போனாள். ஏழு பேர் நடுவில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுக்கா, எம் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிக மேல பேரெல்லாம் நீதான் எழுதித் தரணும், அதுக்கு உன்ன மாதிரி யாரு இருக்கா” என்றாள்.

ஒரு நாள் முற்பகல் கம்ப்யூட்டரில் அந்தக் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். எழுந்து அவள் அறைக்கு ஓடினேன், அந்த அறைக்குள் போட வேண்டிய தொப்பியைக்கூடச் சரியாகப் போடவில்லை.

“லைசென்ஸ் வந்துடுச்சிடி” என்றேன்.

அவள் பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கையை மட்டும் உயர்த்தி என்னை நிறுத்தினாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் வாசலிலேயே நின்றேன். எண்ணி முடித்தாள். நோட்டில் எழுதினாள். ஓர் எண்ணை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, மறுபடி எழுதினாள். அப்புறம்தான் திரும்பினாள்.

“இன்னாக்கா சொன்ன?”

மறுபடி சொன்னேன். அவள் கண் நிறைந்துவிட்டது. வேலைக் கோட்டின் கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு சிவப்பு நூலை இழுத்து, எண்ணி முடித்த கட்டின் கழுத்தில் முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

“லைசென்ஸ் வந்தாலும் இந்தக் கட்டு குழலுக்குள்ள போவாதுக்கா” என்றாள்.