அட்ராக்டா போட்ட முழு வட்டம்

அட்ராக்டா மல்விஹில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறாள். கிரீவா ஏரியைச் சுற்றிப் போகிற குறுகலான சாலையில் எந்தத் திருப்பத்தில் யார் வீட்டு மாடு படுத்திருக்கும் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி. எதிரே டிராக்டர் வந்தால் டிராக்டர்தான் பின்னால் போகவேண்டும். அவள் பஸ் ஓர் அங்குலம் நகராது. அப்பேர்ப்பட்டவள் பதினான்கு அடிப் படகு ஒன்றைத் திருப்பப் பயந்தாள் என்றால் யாராவது நம்புவார்களா? நம்பத்தான் வேண்டும். இரண்டு வருஷம் பயந்தாள்.

வீட்டில் ஏழு பிள்ளைகளில் அவள் கடைசி. ஏரிக்கரையில் பிறந்தும் நாற்பது வயது வரை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. அவள் அப்பாவுக்கு ஏரி என்றால் மாடு தண்ணீர் குடிக்கிற இடம், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளைப் பாய்ப்படகு பழகப் படகுச் சங்கத்து வாசலில் இறக்கிவிட்டு, பஸ்ஸிலேயே இரண்டு மணி நேரம் காத்திருப்பாள். மூன்று வருஷம் கண்ணாடிக்குள்ளிருந்து வேடிக்கை பார்த்தாள். ஒருநாள் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், படகில் ஓர் இடம் காலி. சொல்லிக்கொடுக்கிறவர் வந்து கண்ணாடியைத் தட்டி, "சும்மா உக்காந்திருக்கிறதுக்கு இதுல வந்து உக்காருங்களேன்" என்றார். அன்று உட்கார்ந்தவள்தான். அடுத்த வசந்தத்தில் சொந்தமாகப் பழைய படகு ஒன்று வாங்கிவிட்டாள். நீச்சல் கற்றது அதற்குப் பிறகு.

பாய்ப்படகைத் திருப்ப இரண்டு வழி உண்டு. ஒன்று, காற்றுக்கு முகத்தைக் காட்டித் திருப்புவது. அது சாதுவான வழி. பாய் படபடவென்று அடித்துக்கொண்டு மெதுவாக மறுபக்கம் போகும். இன்னொன்று, காற்றுக்கு முதுகைக் காட்டித் திருப்புவது. அப்போது பாயின் அடியில் கிடக்கிற பருமல் இருக்கிறதே, அந்த நீளக் கட்டை, தலைக்கு மேலே ஒரே வீச்சாக மறுபக்கம் பாயும். குனியாவிட்டால் மண்டை போயிற்று. குனிந்தாலும், காற்று பலமாக இருந்தால் படகு குடைசாய்ந்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் செப்டம்பரில் அப்படித்தான் ஆனது. பருமல் காதுக்குப் பின்னால் அடித்தது, படகு கவிழ்ந்தது, அட்ராக்டா பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டாள். ஈரத்துணி மூக்கிலும் வாயிலும் ஒட்டிக்கொண்ட அந்தக் கொஞ்ச நேரத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து காற்றுக்கு முதுகு காட்டித் திருப்புவதையே விட்டுவிட்டாள். போட்டிப் பாதையைக் காட்டுகிற மிதவையில் அப்படித் திருப்பவேண்டி வந்தால் எதிர்ப்பக்கமாக ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, முகம் காட்டித் திருப்பியே வந்து சேருவாள். போய்ச் சேரலாம், தப்பில்லை. ஆனால் அதற்குள் நாலு படகு தாண்டிப் போய்விடும். சங்கத்தில் அதற்கு "அட்ராக்டா ரவுண்டானா" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அவள் படகில் முன்னால் உட்கார்ந்து சின்னப் பாயைப் பார்த்துக்கொள்கிறவள் அவளுடைய அண்ணன் மகள் கிரானியா. இருபத்தெட்டு வயது, மாட்டு வைத்தியரிடம் வேலை. கன்றுக்குட்டியை இழுத்து வெளியே எடுக்கிற கைக்குக் கயிறு ஒரு பொருட்டா? ஏரியில் அவளைப் போல் முன்னால் உட்கார ஆளில்லை என்று எல்லாருக்கும் தெரியும். அதே சங்கத்துப் பின்பார் டுயிக்குத் தெரியாமல் இருக்குமா? ஐந்து வருஷமாகப் போட்டியில் ஜெயிக்கிறவர் அவர்தான். அவர் படகில் முன்னால் உட்காருகிற மகன் கனடாவுக்குப் போகிறான்.

ஜூன் கடைசிச் சனி, ஞாயிறில்தான் கிரீவா ஏரியின் சிநேகிதப் போட்டி. பதினேழு படகுகள் வந்திருந்தன. சனிக்கிழமை தூறலும் செத்த காற்றுமாகக் கழிந்தது. சாயங்காலம் சங்கத்துக் கூடத்தில் ஈரச் சாக்ஸ்களெல்லாம் ஹீட்டர்மேல் ஆவி விட்டுக்கொண்டிருக்க, ஆளாளுக்கு சூப்பும் பன்றிக்கறி சாண்ட்விச்சும் ஆப்பிள் டார்ட்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். கிரானியா இரண்டு கோப்பைத் தேநீருடன் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, நேரா சொல்லிடறேன். பின்பார் என்னைக் கேட்டிருக்காரு. அடுத்த வருஷம் முழுக்க."

அட்ராக்டா டார்ட்டை மென்றுகொண்டே இருந்தாள்.

"நீ என்ன சொன்ன?"

"திங்கக்கிழமை சொல்றேன்னேன். கடைசியா வர்றது எனக்கு வருத்தமில்ல அத்தை. நல்லா ஓட்டிட்டு வந்து, ஒவ்வொரு தடவையும் அந்த மிதவைகிட்ட போனதும் ரவுண்டானா அடிக்கிறீங்க பாருங்க, அதான் தாங்கல. நாளைக்குள்ள ஒரே ஒரு தடவை திருப்புங்க. கவுந்தாலும் பரவால்ல. திருப்பினா நான் எங்கயும் போகல."

"மிரட்டறியா?"

"ஆமா."

"உங்கப்பன் புத்தி அப்படியே இருக்கு."

"அப்பா சொல்றாரு, உங்க புத்தியாம்."

அதற்குள் பின்பாரே தட்டோடு வந்து நின்றார். "என்ன டிரைவரம்மா, நாளைக்குக் காத்து இருக்காம். ரவுண்டானாவுக்கு சிக்னல் போட்டு வெக்கவா?"

"போடு. நீ முதல்ல வந்து நில்லு அங்க. உன்னைப் பாத்தா காத்தே வேற பக்கம் போயிடும்" என்றாள் அட்ராக்டா. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் பாதி டார்ட் அப்படியே தட்டில் கிடந்தது. டார்ட்டை மிச்சம் வைக்கிற மனுஷி இல்லை அவள்.

ஞாயிற்றுக்கிழமை காற்று வந்தே விட்டது. ஏரி முழுக்க வெள்ளை நுரை. மூன்று போட்டிகள். முதல் இரண்டிலும் அவள் ரவுண்டானாதான் அடித்தாள். முதல் தடவை, "ரொம்ப வீசுது" என்றாள். இரண்டாம் தடவைக்கு அந்தச் சாக்கும் தீர்ந்துபோயிருந்தது. கிரானியா பாட்டுக்குச் சின்னப் பாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் தேவலை.

கடைசிப் போட்டி. மேல் மிதவை, ஓர மிதவை, கீழ் மிதவை, இந்த மூன்றையும் இரண்டு தடவை சுற்றவேண்டும். முதுகு காட்டித் திருப்பவேண்டிய இடம் ஓர மிதவை. முதல் சுற்றில் அட்ராக்டா நேராக அதை நோக்கித்தான் வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். கடைசி நொடியில் கை தானாகவே சுக்கானை மறுபக்கம் தள்ளிவிட்டது. மறுபடியும் ரவுண்டானா. பன்னிரண்டாவது இடம். கிரானியா தலையைக் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

இரண்டாம் சுற்றில் ஒரு காரியம் நடந்தது. எல்லாரும் ஏரி நடுவே போக, அட்ராக்டா மட்டும் சாலை ஓரக் காட்டுப் பக்கம் ஒதுங்கினாள். அந்தக் காட்டு இடைவெளியில் வருகிற காற்று தினமும் காலையில் அவள் பஸ்ஸைப் பிடித்துத் தள்ளுகிற காற்று. அது எப்போது எந்தப் பக்கம் சாயும் என்று அவளுக்குத் தெரியாதா? படகு பறந்தது. மேல் மிதவைக்கு வந்தபோது முன்னால் நாலே படகு. ஐந்தாவது இடம்! ஆறு வருஷத்தில் அவள் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

மிதவையை ஒட்டி உரசுகிற மாதிரி வளைத்தாள். உரசியேவிட்டது. வெளியே சாய்ந்திருந்த அவள் முதுகில், உயிர்காப்புச் சட்டையின் மேல், மிதவை மெத்தென்று ஒரு தடவை பட்டது. பூனை உரசினாற்போல.

முன்னால் கிரானியா கயிற்றில் கண்ணாக இருந்தாள். பின்னால் வந்த படகு எட்டத்தில் இருந்தது. கரையில் இருந்தவர்களுக்கு இங்கே பாய் மட்டும்தான் தெரியும். பட்டது ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இந்த விளையாட்டில் நடுவர் என்று யாரும் கூடவே வருவதில்லை. மிதவையைத் தொட்டால் தொட்டவரே படகை ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டுத்தான் போகவேண்டும். சுற்றாமல் போனால் கேட்க ஆளில்லை. அதனாலேயே கிரீவா ஏரியில் சுற்றாமல் போகிற ஆளும் இல்லை.

"தொட்டுட்டேன்" என்றாள் அட்ராக்டா.

"எதை?"

"மிதவையை."

கிரானியா திரும்பிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"எனக்குத் தெரியுமில்ல!"

முழு வட்டம் என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. பாதி வட்டம் காற்றுக்கு முகம், மீதி வட்டம் காற்றுக்கு முதுகு. வட்டத்துக்குக் குறுக்கு வழியும் கிடையாது, சுற்று வழியும் கிடையாது.

"அத்தை, வேணாம்னா கரைக்குப் போயிடலாம். போட்டியை விட்டுட்டதா சொல்லிடலாம். அதுவும் நியாயம்தான்."

"அஞ்சாவதா வந்துட்டு விடறதா? போடி."

சுக்கானைத் தள்ளினாள். முகம் காட்டுகிற திருப்பம் முடிந்தது. அதெல்லாம் அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. படகு இப்போது மெல்ல மெல்லக் காற்றுக்கு முதுகைக் காட்ட ஆரம்பித்தது. பாய் புடைத்தது. காதுக்குப் பின்னால், பழைய அடி பட்ட இடத்தில், சில்லென்றது. கால் தானாகவே பிரேக்கைத் தேடி படகின் தரையை மிதித்தது.

"வேகத்தைக் குறைக்காதீங்க!" கிரானியா கத்தினாள். "வேகமா போனாத்தான் பாய்ல பாரம் குறையும். பருமலை நான் பிடிச்சுத் தள்றேன். நீங்க குனிஞ்சு அந்தப் பக்கம் வந்துடுங்க, அவ்வளவுதான். சொல்லட்டா?"

"நீ சொல்லாத. நான்தான் சொல்வேன்!"

"சரி, சொல்லுங்க!"

"இரு!"

"அத்தை!"

"இப்ப!"

பருமல் வீசிப் போனது. அட்ராக்டா குனிந்தாள், மண்டியிட்டாள், மறுபக்கம் விழுந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். படகு ஒரு பக்கமாகச் சரிந்து ஒரு அண்டாத் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொண்டது. பிறகு, மாடு எழுந்திருக்கிற மாதிரி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. அட்ராக்டா குளிர்ந்த தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். சுக்கான் கையில் இருந்தது. தலைக்கு மேலே வானம் இருந்தது. பாய்த்துணி அதற்குரிய இடத்தில் இருந்தது.

அந்த வட்டத்துக்குள் மூன்று படகுகள் தாண்டிப் போய்விட்டன. எட்டாவது இடம்.

"மூணு பேரு போயிட்டாங்க" என்றாள் அட்ராக்டா.

"போகட்டும்" என்றாள் கிரானியா. வாளியைக் கையில் எடுத்தாள். "தண்ணிய மொண்டு ஊத்தறேன். நீங்க ஓட்டுங்க."

ஓர மிதவை வந்துகொண்டிருந்தது. இங்கே அவளைக் கட்டாயப்படுத்த எந்த விதியும் இல்லை. விரும்பினால் ரவுண்டானா அடிக்கலாம். கிரானியா வாளியை வைத்துவிட்டு நேராக முன்னால் பார்த்தாள். அத்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"பருமலைத் தொடாத. இந்தத் தடவை நானே" என்றாள் அட்ராக்டா.

அழகாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. சீக்கிரம் குனிந்து, தாமதமாக நிமிர்ந்து, கயிறு முழங்காலில் சுற்றிக்கொண்டு, படகு குடிகாரன் போல இரண்டு பக்கமும் ஆடியது. ஆனால் திரும்பியது. கரையில் நின்றவர்கள் கூச்சல் போட்டது காற்றோடு வந்தது. பதினேழு படகில் எட்டாவதாக வந்து சேர்ந்தார்கள்.

படகைக் கரையேற்ற பின்பாரே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தார். அவர்தான் இந்த வருஷமும் முதல்.

"மேல் மிதவைகிட்ட எதுக்கு வட்டம் அடிச்ச? நான் திரும்பிப் பாத்தேன். தொட்ட மாதிரி தெரியலையே."

"உனக்கு எதுக்குத் தெரியணும்? என் முதுகு, எனக்குத் தெரியும்."

பின்பார் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கிரானியா பக்கம் திரும்பினார். "அப்ப நாளைக்கு நீ எனக்கு என்ன சொல்லப்போற?"

"நாளைக்கு எதுக்கு, இப்பவே சொல்றேன். வேற ஆளப் பாத்துக்குங்க."

"எட்டாவதா வர்ற படகுலயா உக்காரப்போற?"

"அத்தை தொடாம வந்திருந்தா அஞ்சாவது. கணக்கைச் சரியா வெச்சுக்குங்க."

அவர் கையை விரித்துவிட்டுத் தன் படகைப் பார்க்கப் போனார். அட்ராக்டா பாயை இறக்கி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை வரேன்" என்றாள் கிரானியா. "திருப்பறதை மட்டும் பழகுவோம். முதுகு காட்டி இருபது தடவை."

"பத்து."

"இருபது."

"பதினஞ்சு. அதுக்கு மேல ஒண்ணுகூடக் கிடையாது. இந்த மூலையைப் பிடி, மடிக்கணும்."