இறக்கத்தைப் பார்த்து நின்ற கார்

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு புத்திமதிதான் இருக்கிறது. விற்பவரின் வாசலில் அந்தக் கார் இறக்கத்தைப் பார்த்து நின்றால், கொடுக்கிற தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். நான் குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்ட நல்ல தேத்தண்ணி. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

என் மகளுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே கால்களில் பலம் இல்லை, சக்கர நாற்காலிதான். கணவர் கத்தாரில். நான் பதுளை டவுனில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை செய்கிறேன். வீடு ஸ்பிரிங்வெளியில், தேயிலைத் தோட்டத்து லயத்தின் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை. டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவுப் பாதை கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு வருடம் நடையாய் நடந்து அவளுக்கு இடம் வாங்கினேன். அதிபர் அம்மா கண்டிப்பானவர். "ஒரு தவணை, மூணு மாசம் பார்ப்போம். ஏழரைக்குப் பிள்ளை வகுப்புல இருக்கணும். ஒழுங்கா வர முடியலன்னா சொல்லிடுங்க, அந்த இடத்துக்கு இன்னொரு பிள்ளை காத்துக்கிட்டு இருக்கு" என்றார். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை.

பஸ்ஸில் போக வழியில்லை. நாற்காலியைக் கண்டதும் கண்டக்டர் ரெண்டு மணி அடித்து பஸ்ஸை எடுக்கச் சொல்லிவிடுவார். ஆட்டோவில் நாற்காலியை வைத்தால் பிள்ளைக்கு இடமில்லை, பிள்ளையை வைத்தால் நாற்காலிக்கு இடமில்லை. ஆகவே கார். கையிலிருக்கும் காசுக்குள் அடங்குகிற, காலையில் இறங்கி மாலையில் ஏறி வருகிற, என்னைக் கைவிடாத ஒரு பழைய கார். இவ்வளவுதான் கேட்டேன்.

அண்ணனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பண்டாரவளையில் பேக்கரி வைத்திருக்கிறார். கார் விஷயமெல்லாம் தனக்குத் தெரியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. பதுளையில் பழைய கார் விற்கிற ஒரு கார் சேலில் இருந்தவர் அண்ணனுக்குக் கை கொடுத்தார், அண்ணனுக்கு மைலேஜ் சொன்னார், அண்ணனுக்கு பொனட்டைத் திறந்து காட்டினார். அண்ணனுக்கு லைசன்ஸே கிடையாது! லைசன்ஸ் என் கைப்பையில் இருந்தது. நான் பாட்டுக்கு நாற்காலியை மடித்து டிக்கியில் வைத்துப் பார்த்தேன். கதவு மூடவில்லை.

"தங்கச்சி, இந்தக் கலர்ல வண்டி வேற எங்கயும் கெடைக்காது" என்றார் அவர்.

"கலர் மேலயா நாற்காலிய ஏத்திக்கிட்டுப் போறது?" என்றேன். அண்ணன் என் காலை மிதித்தார்.

இப்படி நாலைந்து பார்த்தோம். ஒன்று ஹைபிரிட், டிக்கி பாதிக்கு பேட்டரி உட்கார்ந்திருந்தது. ஒன்று எங்கள் தோட்டத்து ரோட்டுக் கல்லில் வயிறு உரசுகிற அளவுக்குத் தாழ்வு. தவணை தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. அப்போதுதான் அப்புத்தளையில் ஒருவர் கார் விற்கிறார் என்று யாரோ சொன்னார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போனோம்.

ஓய்வுபெற்ற மனிதர். நெற்றி நிறைய விபூதி. அவர் வீட்டு வாசல் செங்குத்தாக ரோட்டுக்கு இறங்கும். அந்த இறக்கத்தில், மூக்கைக் கீழே வைத்து, வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன ஜப்பான் கார் நின்றது. கியர் வண்டி. டிக்கியில் நாற்காலி அளவெடுத்த மாதிரி போனது. எனக்குப் பாதி மனது அங்கேயே விழுந்துவிட்டது.

மகளைப் பார்த்ததும் அவர் உச்சுக் கொட்டினார். தேத்தண்ணி வந்தது. "இந்தப் புள்ள மொகத்தப் பாத்த பொறகு நான் லாபம் பாத்தா சாமி கண்ணக் குத்திடும்மா" என்று தானாகவே விலையைக் குறைத்தார். நாங்கள் வாயே திறக்கவில்லை. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மகளின் தோளைத் தட்டி, "தேங்க்ஸ் சொல்லு" என்றேன். சொன்னாள்.

"வாசல் குறுகல், நானே எறக்கித் தாறேன். பாப்பா முன்னுக்கு ஒக்காரட்டும், ஆசையா இருக்கும்" என்றார். அவளைத் தூக்கி முன் சீட்டில் வைத்தோம். கார் ரோட்டுக்கு வந்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஏறி பண்டாரவளை வரைக்கும் ஓட்டினேன், திரும்ப மேடேறி வந்தேன். கிளச்சைப் பார்த்தேன், பிரேக்கைப் பார்த்தேன், ஏசியைப் போட்டுப் பார்த்தேன். இன்ஜினை நிறுத்திவிட்டு மறுபடி எழுப்பிப் பார்க்க மட்டும் இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை. வண்டியை எடுக்கப் போன நாளிலும் அவரே ரோட்டில் கொண்டுவந்து ஓடவிட்டு வைத்திருந்தார். மரியாதை என்று நினைத்தேன்.

எங்கள் மலையில் எல்லோரும் வண்டியை அப்படித்தான் நிறுத்துவோம். பேட்டரி சோர்ந்து போனாலும் பிரேக்கை விட்டு உருட்டினால் இன்ஜின் எழும்பிவிடும். அதனால் இறக்கத்தைப் பார்த்து நிற்கும் காரைக் கண்டு எங்களுக்குச் சந்தேகமே வராது. சமதரையில் வாழ்கிற யாரும் இந்தக் கூத்தில் மாட்டியிருக்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தின் முதல் நாள் காலை. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் உள்ள தட்டையான இடத்தில் கார் நின்றது, லயத்துப் பக்கத்தில் அது ஒன்றுதான் சமதரை. மகள் வெள்ளை யூனிபார்மில், ரெட்டை ஜடையோடு முன் சீட்டில். சாவியைத் திருப்பினேன். டக். அவ்வளவுதான். இன்னொரு தரம் திருப்பினேன். டக். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். "நீ ஏறுக்கா, நாங்க தள்ளுறோம்" என்று சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போனபோது ஏழு ஐம்பது. மறுநாளும் அதே கதை. அன்று அவர்கள் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. பெரட்டுக்குப் பிந்தினால் அவர்களுக்கும் ஏச்சு விழும்.

மகள் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இந்தக் காரும் என்னைய மாதிரிதானா அம்மா? யாராச்சும் தள்ளணுமா?" அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு அப்புத்தளைக்காரரின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது.

கராஜ் பாஸ் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, துணியில் கையைத் துடைத்தார். "இத ரொம்ப காலமா உருட்டித்தான் எழுப்பியிருக்காங்க மிஸ். ஸ்டார்ட்டர் கடிக்கிற பல்லெல்லாம் தேஞ்சு போச்சு. இன்ஜினும் தளந்திருச்சு. முழுசா எறக்கணும், ஒரு மாசமாவது கராஜ்ல நிக்கும்." ஒரு மாதமா! ஒரு மாதத்தில் என் பிள்ளையின் மேசையில் வேறு பிள்ளை உட்கார்ந்திருக்கும்.

அண்ணனிடம் சொன்னால், "இதுக்கா இந்தக் கத்துக் கத்துற? மேட்டுல நிப்பாட்டு. ஊர் ஒலகமே அப்படித்தானே ஓட்டுது" என்றார். கேட்டேன், புத்தி கெட்டு. கோயிலுக்கு ஏறுகிற சரிவில் நிறுத்தினேன். காலையில் காருக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, பிள்ளையைத் தூக்கக் குனிந்தேன். அந்தச் சரிவில் நாற்காலியின் சின்ன பிரேக் எத்தனை நேரம் தாங்கும்? என் கைக்குள்ளிருந்து வழுக்கி அது பாட்டுக்கு ஓடியது. ரோட்டோரம் தண்ணீர் ஓடுகிற கானில் மோதிக் கவிழ்ந்தது. பிள்ளையின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் உரிந்துவிட்டது. அன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. காருக்கு இறக்கம் வேண்டும், நாற்காலிக்குச் சமதரை வேண்டும். இரண்டுக்கும் நடுவில் என் பிள்ளை அழுதுகொண்டு கிடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன், மகள், நான் மூன்று பேரும் அப்புத்தளைக்குப் போனோம். அவர் வீட்டுக் கேட்டை அடைத்துக்கொண்டு, ரோட்டோரச் சமதரையில் காரை நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். அவர் வெளியே வந்தார்.

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க" என்றேன்.

"என்னம்மா இது, காலங்காத்தால. பழைய வண்டின்னா அப்படி இப்படித்தான் இருக்கும். நான் புள்ளைக்காக எவ்வளவு கொறச்சேன்!"

"புள்ளைக்காகக் கொறச்சீங்களா? ஓடாத வண்டிக்கு வெலயக் கொறச்சிட்டு, அதுக்கு என் புள்ளைய சாட்சிக்கு இழுத்தீங்க! பாவம் பாக்குற வாயால வண்டி எழும்பாதுன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை, காது அப்படி அடைத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். வரட்டும் என்று இருந்தது.

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "தம்பி, தங்கச்சியக் கொஞ்சம் அடக்குங்க."

அண்ணன் மகளின் கையில் இருந்த கட்டைப் பார்த்தார். "சாவியத் திருப்புங்கய்யா" என்றார். அண்ணன் வாழ்க்கையில் எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான்.

அப்புத்தளைக்காரர் திருப்பினார். டக். பெயர் மாற்றுகிற தாள்கள் இன்னும் பதியாமல் என் கைப்பையில்தான் இருந்தன. அவற்றை அவர் கையில் திணித்தேன். காசு கைக்கு வரும் வரை நாங்கள் அவர் வீட்டுக் கேட்டை விட்டு நகரவில்லை, மத்தியானத்துக்குள் வந்துவிட்டது.

நாற்காலியோடு அண்ணனை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டு, இன்னொன்றில் திரும்பும் வழியில் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "அம்மா, அன்னைக்கு அவரு சாவிய லேசாத்தான் திருப்புனாரு. சத்தமே வரல. பிரேக்க விட்டாரு, கார் உருண்டுச்சு, அப்பறம்தான் கியரப் போட்டாரு. நான் பாத்தேன்."

"ஏன்டி அன்னைக்கே சொல்லல?"

"எனக்காகத்தானே கொறச்சாங்க? நான் போயி குத்தம் சொன்னா நல்லா இருக்குமா?"

அதுவரை அவர் மீது இருந்த கோபமெல்லாம் என் மீதே திரும்பியது. ரோட்டில் ஒருத்தி உச்சுக் கொட்டினால் தேங்க்ஸ் சொல்லு, கோயிலில் ஒருத்தர் இரக்கப்பட்டு டொபி கொடுத்தால் தேங்க்ஸ் சொல்லு என்று ஒன்பது வருடமாக அவள் தோளைத் தட்டியது நான்தான். இரக்கப்பட்டவரிடம் வாய் திறக்கக்கூடாது என்று அவளுக்கு வேறு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. "இனிமே கண்ணால பாத்தத வாயால சொல்லணும். யாரா இருந்தாலும்" என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

அடுத்த ஒரு வாரம் தினமும் இரண்டு ஆட்டோ பிடித்தேன், ஒன்று பிள்ளைக்கு, ஒன்று நாற்காலிக்கு. சனிக்கிழமை எல்லவில் இன்னொரு கார் பார்க்கப் போனோம். பச்சை நிறம், பார்க்க அசிங்கம், ஆனால் உயரமான வண்டி. சமதரையில் நின்றது. பொனட்டில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது, முன்கூட்டியே ஓடவிட்டு வைக்கவில்லை. உரிமையாளர் என் மகளைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார். "ஐயோ பாவமே. பாப்பாவுக்காக நான் ஏதாச்சும் பாத்துச் செய்றேன்..."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "அதெல்லாம் இருக்கட்டும் அங்கிள். மொதல்ல பிரேக்க விடாம ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "புள்ள சொன்னதச் செய்ங்க" என்றேன்.

இன்ஜின் ஒரே திருப்பில் எழும்பியது. நிறுத்தச் சொன்னாள். மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது தரமும் போடச் சொல்லி, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சரி அம்மா" என்றாள். இன்றைக்கும் அந்தப் பச்சைக் காரில்தான் ஏழு இருபதுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்கிறோம். அன்று அவர் விலையில் கொஞ்சம் குறைக்கத்தான் செய்தார். அவள் தேங்க்ஸ் சொல்லவில்லை, நானும் அவள் தோளைத் தட்டவில்லை.