குருமாவுக்கு உப்புப் பார்த்த கலா

மண்ணெண்ணெய் அடுப்பின் புகையோடு வெங்காயம் வதங்கும் வாசனையும் வெறும் வயிற்றில் ஏறினால் எப்படி இருக்கும் என்பது, நோன்பு வைத்துக்கொண்டு மனையியல் வகுப்பில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். 2005இல் மரக்காணத்துப் பக்கம் பிளஸ் ஒன் படித்த எனக்கு அது நன்றாகவே தெரியும்.

எங்கள் மனையியல் டீச்சர் வெளியூர்க்காரர். உப்பளத்துப் பிள்ளைகள், வீட்டில் உருது பேசும் என்னைப் போன்றவர்கள், கீழ்புத்துப்பட்டு முகாமிலிருந்து பஸ்ஸில் வரும் இலங்கைப் பெண்கள் என்று ஆளுக்கொரு பேச்சும் ஆளுக்கொரு சாப்பாடுமாக இருந்த வகுப்பில், எதைச் சொல்லித் தருவதற்கு முன்னும், "உங்க வீட்ல இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டுவிடுவார். நான் உப்பை 'நமக்' என்பேன், முகாமிலிருந்து வரும் தர்ஷினி காரத்தை 'உறைப்பு' என்பாள், எல்லாம் கரும்பலகைக்குப் போகும். ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கறார்: ருசி பார்க்காமல் எதையும் பரிமாறக் கூடாது.

அந்த வருஷம் செய்முறைத் தேர்வு நோன்பு மாதத்தில் வந்து தொலைத்தது. முந்தைய தேர்வைக் காய்ச்சலில் விட்டிருந்தேன். இதிலும் மார்க் போனால் படித்தது போதும் என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்கு விழுந்தது காய்கறிக் குருமா. நோன்பில் நாக்கில் எதையும் வைக்க முடியாது; என் அம்மா கொதிக்கிற வாசனையிலேயே உப்பைக் கண்டுபிடித்துவிடுவார். எனக்கு அந்த மூக்கு வாய்க்கவில்லை. டீச்சர் யோசித்துவிட்டு, பக்கத்து அடுப்புக் கலா எனக்காக ருசி பார்க்கலாம் என்றார்.

கலாவின் அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலி வேலை செய்தார்கள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கியவள், "பத்தாதுடி, இன்னும் போடு" என்றாள். போட்டேன். மறுபடி நக்கிவிட்டு, இன்னும் என்றாள். அதையும் போட்டேன். கலாவின் முகத்தில் தெரிந்த திருப்தியைப் பார்த்து ஆசைப்பட்டு, எதிர் அடுப்பிலிருந்து வந்த தர்ஷினியும் ஒரு சொட்டு வாயில் விட்டாள். அவள் முகம் கோணிப்போயிற்று.

"உப்பு நல்லாக் கூடிப்போச்சு. கொஞ்சம் பால் விட்டாச் சரிவரும்."

எனக்கு அழுகை முட்டியது. தர்ஷினியோ, தன் சொதிக் குழம்புக்கென்று பிழிந்து வைத்திருந்த தேங்காய்ப்பாலில் பாதியை என் சட்டியில் ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் கலாவைக் கூப்பிட்டார். "எங்க வீட்ல இதவிடக் கம்மியாப் போட்டா கஞ்சி எறங்காது டீச்சர்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. வெயிலில் நாளெல்லாம் வேர்வை கொட்டுகிறவர்கள் வீட்டில் அவ்வளவு உப்பு இருக்கத்தான் செய்யும், அதில் தப்பே இல்லை என்று டீச்சர் வகுப்புக்கே கேட்கும்படி சொல்லி, மூவருக்கும் குறைவில்லாமல் மார்க் போட்டார். நான் பிளஸ் டூ போனேன். அதற்குப் பிறகு எந்தச் சட்டியானாலும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் ருசி பார்த்தார்கள்.

இன்று அந்தப் பள்ளியில் மனையியலும் இல்லை, அடுப்புகளும் இல்லை. அந்த அறையில் கம்ப்யூட்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன. தர்ஷினி எந்த ஊரில் இருக்கிறாளோ தெரியாது. போன நோன்பில் வீட்டுக்கு வந்த கலாவிடம், பழைய பழக்கத்தில் கரண்டியை நீட்டினேன். பிரஷர் வந்து, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிச் சில வருஷங்களாகின்றன அவளுக்கு.

"கரிக்குதுடி" என்றாள்.

அவளுக்காகவே பாதி உப்புதான் போட்டிருந்தேன். தேங்காய்ப்பாலை எடுத்து ஊற்றினேன்.