எட்டு சிலிண்டரும் ஒரு கோயில் மாலையும்

பழைய அமெரிக்க பிக்கப் வண்டியைக் கல்யாணத்துக்கு எடுக்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எடுக்கலாம். ஆனால் 1992 ஆவணியில் லண்டன் ஸ்ட்ரெதத்திலிருந்து வெம்பிளிக்கு நான் போன கதையைப் படித்துவிட்டு எடுங்கள். நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தங்கையின் கல்யாணம். அப்பா யாழ்ப்பாணத்தில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார். அவர் இடத்தில் நான். மணமக்கள் உட்காரும் மணவறையை, பலகையும் தூணுமாக, பத்தே முக்கால் முகூர்த்தத்துக்குள் மண்டபத்தில் சேர்ப்பது என் பொறுப்பு. பக்கத்துத் தெருத் தவம் அண்ணையிடம் அறுபதுகளின் பிக்கப் ஒன்று இருந்தது.

"எட்டு சிலிண்டர் தம்பி, வீட்டையே இழுக்கும்" என்றார்.

தூரம் பதினான்கு மைல். பெற்றோல் ஐந்து கலன், பதினொரு பவுண். கலனுக்குப் பத்து மைல்தான் ஓடும், அது எஞ்சினா குடிகாரனா தெரியவில்லை. காலை ஏழரைக்கு மணவறையை ஏற்றி, நான் ஓட்ட, அண்ணை பக்கத்தில் இருக்கப் புறப்பட்டோம்.

எட்டரைக்குக் கியூ பாலத்தருகே ஆவி கிளம்பியது. அரை மணி நேரம் ஆறவிட்டு, மணவறையோடு ஏற்றியிருந்த தங்கையின் நிறைகுடத்தில் தண்ணீர் வாங்கி வந்து ஊற்றினோம். ஒன்பதரைக்கு ஹாங்கர் லேனில் மறுபடி ஆவி. நல்ல வெயில், பின்னால் ஹோர்ன் சத்தம், மேலே தங்கத்தாள் ஒட்டிய மணவறைத் தூண்கள். தங்கை வெறும் தரையில் உட்கார்ந்து தாலி கட்டிக்கொள்வாளோ என்று மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"அண்ணை, வீட்டை இழுக்கிற எஞ்சின் நாலு பலகையை இழுக்க ஏலாதோ?" என்று நடுவீதியில் கத்தினேன்.

"எஞ்சினுக்கு ஒண்டுமில்லைத் தம்பி. நீர் முன்னுக்குக் கட்டினதுதான் காத்தை மறைக்குது."

முன்பக்கக் கம்பிகளில் துரு. கல்யாண வண்டிக்கு அவலட்சணம் என்று சிவப்புப் பட்டுத் துணியை இறுக்கிக் கட்டி, முதல்நாள் மனோர் பார்க் முருகன் கோயிலில் வாங்கிய தடித்த மாலையை அதன்மேல் போட்டிருந்தேன். ரேடியேட்டருக்கு மூச்சு விட வழியில்லை.

"வீட்டாலை வெளிக்கிடேக்கையே தெரியுமோ?"

"ஓம்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"முருகன்ர மாலை. கழட்டச் சொல்ல வாய் வரேல்லை. அவர் பாத்துக்கொள்ளுவார் எண்டு நினைச்சன்."

முருகனுக்கு வேறு வேலை இல்லையா! பட்டுத் துணியை அவிழ்த்தேன். மாலையை வைக்க இடமில்லாமல் என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். எஞ்சின் ஆறியதும் வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. பத்து இருபதுக்கு வெம்பிளி.

மண்டப வாசலில் மாலையும் கழுத்துமாக இறங்கிய என்னைத் தங்கை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணா, மாப்பிள்ளை உள்ளுக்கு இருக்கிறார்" என்றாள். பிறகு பின்னால் மணவறையைக் கண்டாள். கண் கலங்கிவிட்டது.

ஆகவே எடுங்கள். பத்து மைலுக்கு ஒரு கலன், பயணத்துக்கு இரட்டை நேரம், தண்ணீருக்கு ஒரு குடம். மாலை போடுவதானால் ஓட்டுபவருக்குப் போடுங்கள். அந்த எஞ்சினைப் பாதி லண்டன் கேட்கத் திட்டியவன் நான். முகூர்த்தம் தவறாமல் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான்.