செவ்வந்தி சேர்த்த கம்ப்யூட்டர்

திருவையாற்றுப் பக்கம் நடவுக்கு ஆள் தேடுகிறவர்கள் முதலில் செவ்வந்தியைத்தான் கேட்பார்கள். நாற்றைக் கையில் எடுத்தாலே எத்தனை நாள் நாற்று என்று சொல்லிவிடுவாள். வயது தாண்டியிருந்தால் வயலில் இறங்கமாட்டாள். "நட்டா நிக்கும், தூர் கட்டாது, வெளைச்சலும் வராது. அதுக்கு எங்க இடுப்பு ஏன் ஒடியணும்?" என்று நிலத்துக்காரர் முகத்துக்கு நேரே கேட்டவள். இப்போது அவளும் புருஷன் தங்கையனும் குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்கிறார்கள்.

அப்பேர்ப்பட்டவள் ஏமாந்தது ஒரே ஒரு காரியத்தில்தான். கம்ப்யூட்டர்.

ஊரடங்குக் காலத்தில் மகள் கனிமொழி பெங்களூரிலிருந்து வந்து பதினான்கு மாதம் கூடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். பாலங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. ஆபீஸ் கொடுத்த லேப்டாப் திக்கித் திணறும். செவ்வந்தி களை பறித்துவிட்டு வரும்போது கீபோர்டு தட்டுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்கும். பிள்ளை வீட்டில் இருக்கிறாள் என்று அந்தச் சத்தத்திலேயே மனசு நிறைந்துவிடும். அப்புறம் ஆபீஸில் கூப்பிட்டுக்கொண்டார்கள். பஸ் ஏறும்போது கனிமொழி சொன்னாள்: "இங்க ஒரு நல்ல டெஸ்க்டாப் இருந்தா மாசத்துல பத்து நாள் இங்கேர்ந்தே பாக்கலாம்மா. ஆபீஸ்ல விடுவாங்க."

போகிற போக்கில் சொன்ன பேச்சு. செவ்வந்தி அதை முடிந்து வைத்துக்கொண்டாள்.

அறுவடைக்கு ஒரு சாமான் என்று வாங்கினாள். முதலில் கேபினெட். வீடு கட்ட நினைப்பவர்கள் வாசல்நிலையை முன்கூட்டியே வாங்கிச் சாய்த்து வைப்பதில்லையா, அப்படி. தங்கையன் சும்மா இருப்பாரா?

"வெறும் பெட்டிய வச்சுக்கிட்டு என்ன செய்யப்போற, கோழி அடைக்கப்போறியா?"

"ஒங்கள அடைக்கலாம்னுதான் பாத்தேன். தொப்ப இடிக்குது."

அடுத்த போகத்தில் மதர்போர்டு. அதற்கடுத்து மானிட்டர், கீபோர்டு, மவுஸ் என்று ஒவ்வொன்றாக. கடைக்கு ஒன்றாக வாங்கினாள், மகளிடம் மூச்சு விடவில்லை. முழுசாகச் சேர்ந்த பிறகு வந்து பார் என்று சொல்லவேண்டும் என்று ஆசை. கனிமொழி போனில் "இந்தப் பொங்கலுக்கு லீவு இல்லம்மா" என்னும்போதெல்லாம் எழுந்து போய் அந்தப் பெட்டிகளின் தூசியைத் துடைப்பாள்.

இந்த வருடம் சம்பா அறுத்ததும், ப்ராசஸர் வாங்க தஞ்சாவூரில் ஆஸிமின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். போர்டைத் துண்டில் சுற்றி எடுத்துப் போயிருந்தாள். அவன் புரட்டிப் பார்த்தான்.

"இது எப்பம்மா வாங்குனது?"

"ஆச்சு தம்பி, நாலு போகம். உறையே பிரிக்கல பாரு."

"பிரிக்கலன்னாலும் வயசு ஓடிடும்ல? இப்ப வர்ற ப்ராசஸர் எதுவும் இதுல உக்காராது. போர்டையும் ப்ராசஸரையும் ஒண்ணாத்தான் எடுக்கணும்."

செவ்வந்திக்குச் சுருக்கென்றது. வயலை உழுது போட்டுவிட்டு நாற்று விட மறந்தவள் மாதிரி நின்றாள். ஊரில் எத்தனை பேருடைய நாற்றைத் திருப்பி அனுப்பியிருப்பாள்!

"பாப்பா என்ன வேல பாக்குதுன்னு தெரிஞ்சா, பழைய மாடல் தேடிப் பாக்கலாம். போனப் போடுங்க" என்றான் ஆஸிம்.

வேறு வழியில்லை, போட்டாள். விஷயம் தெரிந்ததும் கனிமொழி கத்தினாள். "ஒன்ன யாரும்மா வாங்கச் சொன்னா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கமாட்டியா?"

"கேட்டா வேணாம்பே."

கத்தலை விட்டுவிட்டு, "கடக்கார அண்ணங்கிட்ட குடும்மா" என்றாள் மகள். ஆஸிம் ஸ்பீக்கரில் போட்டான். போர்டின் நம்பரைக் கேட்டாள். அதற்குப் பொருந்துகிற ப்ராசஸர் எது, ரேம் எத்தனை, படம் வரைய எந்தக் கார்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆஸிம் எழுதிக்கொண்டான். கடைசியில் அவள் சொன்னாள்:

"அண்ணே, ஃபேன் மட்டும் பெரிசாப் போடுங்க. இது ஏசி ரூம்ல இருக்கப்போறதில்ல, எங்க வீட்டுக் கூடத்துல. மேலே ஓடுதான், சித்திர வெயில் அப்படியே எறங்கும். நாள் பூரா ஓடணும்."

சித்திரையில் நாள் பூராவும் அதை ஓட்டப்போவது யார்? தங்கையனுக்கு டிவி போடவே தெரியாது. செவ்வந்தி போனை வாங்கிக்கொண்டாள்.

"அப்ப சித்திரைக்கு வர்றியாம்மா?"

"ஆபீஸ்ல கேக்கணும். பாக்கலாம்மா."

இந்தப் 'பாக்கலாம்' செவ்வந்தி கேட்காததா? போனை மடியில் செருகிக்கொண்டு ஆஸிம் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அவ சொன்ன ஃபேனவிட பெருசு இருந்தா, அதயே போடு."